சிரிப்புக்கு விட்ட இடைவெளி

ரீனோ, நெவாடா
ஏப்ரல் 6, 1938

அன்புள்ள நேட்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் சாப்பாடு பரவாயில்லை. நீ ஸ்டேஷனுக்கு வரவில்லை என்று எனக்கு வருத்தமில்லை. வந்திருந்தால் ரயில் நகரும்வரை ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்திருப்பாய். நானும் சிரித்துவைக்க வேண்டியிருந்திருக்கும்.

தங்கியிருப்பது ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீடு. டக்கர் அம்மாள் என்ற விதவை நடத்துகிறாள். என்னோடு சேர்த்து ஏழு பெண்கள். ஏழு பேருமே விவாகரத்துக்காகத்தான் வந்திருக்கிறோம். ஆறு வாரம் இந்த மாநிலத்தை விட்டு நகராமல் குடியிருந்தால்தான் நீதிபதி கையெழுத்துப் போடுவார் என்பது உனக்கே தெரியும், நீ எழுதிய படங்களில் பாதிப் பெண்களை நீ இங்கே அனுப்பியிருக்கிறாய். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். டக்கர் அம்மாள் தினமும் ஒருமுறையாவது என்னைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். கடைசியில் கோர்ட்டுக்கு வந்து, ஒருநாள் விடாமல் பார்த்தேன் என்று அவள்தான் சத்தியம் செய்ய வேண்டும். அதனால் காலையில் காபி ஊற்றும்போது ஒவ்வொருத்தி முகத்தையும் நிமிர்ந்து பார்த்து, "சரி, உன்னைப் பாத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே போகிறாள். முதல் நாள் என் முறை வந்தபோது கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

படத்தொகுப்பு அறைச் சாவி டகனிடம் இருக்கிறது. மிச்சப் படத்தை இனி எனக்குப் பதில் அவர்தான் வெட்டி ஒட்டுவார். நல்ல மனிதர், ஆனால் கத்திரி வேகமானது. வேண்டாமென்று ஒதுக்கிய படச்சுருள் துண்டுகளை நான் கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறேன், படம் வெளிவரும்வரை எதையும் எரிக்க வேண்டாம் என்று சொல்.

உன் வக்கீல் ஆட்சேபம் இல்லை என்று ஒரு தாள் அனுப்பினால் போதும். காரணம் என்ற இடத்தில் 'மனரீதியான கொடுமை' என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே எல்லோருக்கும் அதையேதான் எழுதுகிறார்களாம், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு உன்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வீட்டிலேயே இருந்து சண்டை போட்டிருப்பேன். ஜனவரியிலிருந்து எனக்கு எதுவுமே உறைப்பதில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போம் அல்லவா, அந்த மாதிரி இங்கே உட்கார்ந்து கிள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வயிற்று மருந்து சமையலறை அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க வேண்டும், பின்னால் இல்லை.

வெர்னா

*

ஹாலிவுட்
ஏப்ரல் 10, 1938

என் வெர்னாவுக்கு, மனரீதியான கொடுமைக்காரன் எழுதுவது:

மருந்து கிடைத்தது. பின்னால்தான் குடித்தேன். உன் கடிதம் சாப்பிட்டு முடித்த பிறகு வந்தது, நான் என்ன செய்ய?

வீடு நன்றாக இருக்கிறது. காபிப் பாத்திரம் மட்டும் என்னோடு பேச மறுக்கிறது. நீ வைத்தால் காபி, நான் வைத்தால் கசாயம். தினமும் ஸ்டுடியோ கேண்டீனுக்குப் போய்விடுகிறேன். அங்கே எல்லோரும் உன்னைப் பற்றி மட்டும் கேட்காமல் மற்ற எல்லாவற்றையும் கேட்கிறார்கள். படுக்கையில் உன் பக்கத்துக்கு நான் உருண்டு போவதில்லை. ஏன் என்று கேட்காதே, நகைச்சுவை எழுத்தாளனுக்கும் ஒரு மரியாதை வேண்டும்.

படத்தின் கதி இது. தணிக்கைக்காரர்கள் கதையைப் படித்துவிட்டுக் கட்டில்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கணவனும் மனைவியும் பிரிந்திருக்கும் ஜோடி என்பதால் தனித்தனியாக இரண்டு கட்டில் போட்டால் போதாதாம், நடுவே ஒரு மேஜையும் இருக்க வேண்டுமாம். தச்சர் அளவு நாடாவோடு வந்து நின்றார். "சார், மேஜை போட்டாச்சு. இனிமே இவங்களுக்கு என்னதான் நடக்கும்?" என்று கேட்டார். அதுதான் எனக்கும் தெரியவில்லை என்றேன்.

நிஜமாகவே தெரியவில்லை, வெர்னா. கடைசிக் காட்சி இன்னும் எழுதவில்லை. டைரக்டர் ஸ்ட்ராட்டன் தினமும் என் அறைக்கு வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார். "எல்லாம் சரிய்யா. ஆனா அவ ஏன் திரும்பி வர்றா?" இதற்கு முன் ஆறு படத்தில் ஆறு பெண்களைத் திரும்பி வரவைத்திருக்கிறேன், ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை. உனக்குத் தெரிந்தால் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்பு.

ஒரு நல்ல செய்தி. காலை உணவுக் காட்சி தொய்வாக இருக்கிறது என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாயே, அதற்குப் புதிதாக ஒரு வரி எழுதியிருக்கிறேன். சவரம் செய்யும்போது தானாக வந்து விழுந்தது. கதாநாயகியின் முகத்தையும் கணவனின் பதிலையும் ஒரே காலையில் எடுத்துவிட்டோம். நீ கேட்டால் சிரிப்பாய்.

நீ கோபமில்லை என்று எழுதியதை நான் மூன்று தடவை படித்தேன். கோபமாக இருந்திருக்கலாம். கோபமாக இருப்பவர்களைத் திரும்பி வரவைக்க எனக்குத் தெரியும்.

உன்,
நேட்

*

ரீனோ
ஏப்ரல் 14, 1938

அன்புள்ள நேட்,

அவள் ஏன் திரும்பி வருகிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் எழுதியிருப்பேன்.

இங்கே எல்லோரும் உற்சாகமாகத்தான் இருக்கிறார்கள். குதிரை ஏறுகிறார்கள், சீட்டாடுகிறார்கள். பிலடெல்பியாவிலிருந்து லோர்ரெய்ன் என்று ஒருத்தி, இது அவளுக்கு மூன்றாவது விவாகரத்து. உன் படங்களில் கதாநாயகிக்கு ஒரு சிநேகிதி வருவாளே, வாயாடி, அவளேதான். "முதல் புருஷன் குடிச்சான், ரெண்டாவது புருஷன் பாடினான். குடிச்சவனே தேவலைன்னு மூணாவதா ஒருத்தனைக் கட்டினேன், அவன் குடிச்சிட்டுப் பாடினான்" என்றாள். மேஜை முழுக்கச் சிரித்தது. எத்தனை விநாடி சிரிப்பார்கள் என்று நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரித்து ஓயும் சமயத்தில் அடுத்த வார்த்தை வர வேண்டும் என்று தோன்றியது. தொழில் விடுவதில்லை.

தீர்ப்பு வாங்கிக்கொண்டு கோர்ட்டை விட்டு இறங்கியதும் பாலத்துக்குப் போய்க் கல்யாண மோதிரத்தை ஆற்றில் எறிவது இங்கே வழக்கம். யாரும் தங்கத்தை எறிவதில்லை. கடைத்தெருவில் மலிவு விலைக் கடையில் பித்தளை மோதிரம் விற்கிறார்கள், அதை வாங்கி எறிகிறார்கள். லோர்ரெய்ன் எனக்கும் சேர்த்து வாங்கி வருவதாகச் சொன்னாள். வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

நேற்று டக்கர் அம்மாள் ஜாடியில் வெள்ளை ரோஜா வைத்திருந்தாள். நான் போய் மோந்து பார்த்தேன். ரோஜா வாசனை அடித்தது. ஜனவரியில் ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள் நீ கொண்டுவந்த பூங்கொத்து ஞாபகம் வந்தது. படுக்கையறை செட்டிலிருந்து அள்ளி வந்திருந்தாய். வெள்ளை நிறம் கேமராவில் கண்ணைக் கூசவைக்கும் என்று செட்டில் எல்லா வெள்ளையையும் தேயிலைத் தண்ணீரில் நனைத்து எடுப்பார்களே, படுக்கை விரிப்பு, சட்டை, பூ எல்லாம். நான் முகம் புதைத்தபோது தேநீர் வாசனை வந்தது. குழந்தை போய்விட்டது என்று டாக்டர் சொன்னதைவிட அந்த வாசனைதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீ அப்போது சொன்னதும் நினைவிருக்கிறது: "படத்துல பாத்தா வெள்ளையாத்தான் தெரியும்." நர்ஸ் சிரித்தாள்.

குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

புது வரி என்ன? நீ சொல்லவில்லையே.

வெர்னா

*

ஹாலிவுட்
ஏப்ரல் 24, 1938

என் வெர்னா,

நேற்று பொமோனாவில் முன்னோட்டக் காட்சி. சொல்லாமல் கொள்ளாமல் வேறு படத்தோடு சேர்த்துப் போட்டோம். ஆரஞ்சுத் தோட்டத்துக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், மனைவிகளோடு வந்தவர்கள், இன்னும் மனைவி ஆகாதவர்களோடு வந்தவர்கள். நான் வழக்கம்போல் கடைசி வரிசைக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு நின்றேன். நீ இல்லாததால் குறிப்பெழுதும் வேலையும் என் தலையில்.

கேள். காலை உணவுக் காட்சி. கணவன் செய்தித்தாளுக்குப் பின்னால். மனைவி முட்டையை உடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்கிறாள்: "நான் செத்துப் போயிட்டா உனக்கு யாராவது சொல்லுவாங்களா?" அவ்வளவுதான். கொட்டகை இடிந்தது, வெர்னா. நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. ஒரு கிழவர் தன் மனைவியின் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் அவரைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதில்தான் சிக்கல். கணவன் செய்தித்தாளை இறக்கிவிட்டு உடனே பதில் சொல்கிறான்: "சொல்லுவாங்க. இந்த வீட்டுல எதையுமே எனக்குக் கடைசியாத்தான் சொல்லுவாங்க." அது ஒருத்தர் காதிலும் விழவில்லை, சிரிப்பில் மூழ்கிப்போயிற்று. டகன் இடைவெளி விட்டுப் பார்த்தார். மனைவியின் முகத்தையே நீட்டினால் அவளும் சிரிப்புக்காகக் காத்திருப்பதுபோல் தெரிகிறது. செய்தித்தாளைக் காட்டினால் கதை செத்துவிடுகிறது. ஸ்ட்ராட்டன் மூக்கைச் சொறிந்துகொண்டு, "வெர்னாவா இருந்தா ஒரு நிமிஷத்துல முடிச்சிருப்பா" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சிரிப்புக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், அந்த இடத்தில் எதைக் காட்ட வேண்டும், இதைச் சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை. உதவி செய். ஸ்டுடியோவுக்காக வேண்டாம், என் வரிக்காக. இவ்வளவு நல்ல வரி எனக்கு இன்னொன்று வருமா தெரியாது.

ரோஜா விஷயம் படித்தேன். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இந்தக் கடிதம் பத்து நாள் தாமதம். இப்போதும் தெரியவில்லை.

நேட்

*

ரீனோ
ஏப்ரல் 28, 1938

அன்புள்ள நேட்,

டகனிடம் இதை அப்படியே படித்துக் காட்டு.

தொகுப்பு அறை ஜன்னல் பக்கத்துச் சட்டத்தில், கடைசிக் கொக்கியில் ஒரு துண்டு தொங்கும். மார்ச்சில் அதே மேஜையில் எடுத்தது. கணவனின் முகம் மட்டும், அருகில். அன்றைக்கு அந்த நடிகருக்கு வசனம் மறந்துவிட்டது. ஸ்ட்ராட்டன் நிறுத்தச் சொல்லாமல் புகைக்குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார், கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. நடிகர் வசனம் எங்கே போயிற்று என்று தேடியபடி எதிரே இருந்தவளையே பார்த்துக்கொண்டு இருந்தார். வாய் மூடியிருக்கிறது, அதனால் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். மனைவி கேட்டு முடித்ததும் அதைப் போடுங்கள். நாலு விநாடி. குறைக்க வேண்டாம். அவர் கண் ஒருமுறை இமைக்கும், அதற்குப் பிறகு வெட்டி, பதில் வசனத்துக்குப் போகலாம். மக்கள் எவ்வளவு சிரித்தாலும் அந்த முகம் தாங்கும்.

ஒரு விஷயம். அந்த வரி உன்னுடையது இல்லை. நான் சொன்னது. ஜனவரி 13, வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று. உனக்குக் கதைக் கூட்டம் இருந்தது, நான் டாக்ஸியில் வந்தேன். நீ ஏழு மணிக்கு வந்து, நான் வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அட, இன்னிக்கா விட்டாங்க?" என்றாய். அப்போது கேட்டேன். நீ உடனே பதிலும் சொன்னாய். அதே பதில்தான், 'வீட்டுல' என்ற இடத்தில் 'ஸ்டுடியோல' என்று இருந்தது.

உனக்கு நினைவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. உன் காதில் விழுவதெல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்து பிறகு உன்னுடையதாகத் திரும்பி வருகிறது. ஐந்து வருஷமாக அருகில் இருந்து பார்த்திருக்கிறேன், அதில் கள்ளம் இல்லை என்றும் தெரியும். படித்ததும் எனக்கு வலிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். எந்தத் துண்டு பொருந்தும் என்றுதான் யோசனை போயிற்று.

கொக்கியில் இருப்பதை டகன் எரித்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

வெர்னா

*

ஹாலிவுட்
மே 2, 1938

வெர்னா,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை ஆரம்பித்தேன். ஐந்திலும் முதல் வரியில் ஒரு ஜோக் வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்தையும் கிழித்தேன்.

ஞாபகம் வந்துவிட்டது. உன் கோட்டின் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நீ அதைக் கழற்றாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாய். நான் பதில் சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு வருகிறதா என்று. வரவில்லை. சரி, சோர்வாக இருக்கிறாள் என்று நினைத்துக் குளிக்கப் போனேன். குளிக்கப் போனேன், வெர்னா.

உன் கடிதம் வந்த மறுநாளே தயாரிப்பாளரிடம் போய் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றேன். அவர் என்னை வைத்தியரிடம் அனுப்பப் பார்த்தார். பொமோனாவில் பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்த அட்டைகளில் பாதிக்கு மேல் அதைத்தான் குறிப்பிட்டிருக்கிறார்களாம். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி போய்ச் சண்டை போடுகிறேன். வேலை போனாலும் சரி.

டகன் நீ சொன்ன துண்டை ஒட்டிவிட்டார். எரிக்கவில்லை. ஓட்டிப் பார்த்தோம். ஸ்ட்ராட்டன், "இந்தாளு இவ்வளவு நல்லா நடிப்பான்னு எனக்கே தெரியாதேய்யா" என்றார். நான் உண்மையைச் சொல்லவில்லை.

இன்னொன்று. விளம்பரப் பிரிவில் ஒருவருக்கு மூளை வேலை செய்துவிட்டது. விவாகரத்துப் படத்தை விவாகரத்து ஊரிலேயே முதலில் காட்டலாம், பத்திரிகைக்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு எழுதுவார்கள் என்கிறார். மே 16, திங்கட்கிழமை மாலை, ரீனோவில். படப் பெட்டியோடு ஸ்ட்ராட்டன் வருகிறார். நானும் வருகிறேன். படத்துக்குப் பேர்கூட வைத்தாயிற்று: 'திருமதி வெளியே போயிருக்கிறார்'. கடைசிக் காட்சியில் அவள் குடையை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறாள். வெளியே மழை இல்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன் வழக்கு எப்போது? நான் வரலாமா? இந்தத் தடவை எதுவும் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்க்க மாட்டேன். நீ திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. இதை இவ்வளவு நேராக எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேட்

*

ரீனோ
மே 6, 1938

அன்புள்ள நேட்,

வரியை எடுக்க வேண்டாம். நல்ல வரி.

வழக்கு மே 17, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. படத்துக்கு மறுநாள். டக்கர் அம்மாள் கோர்ட்டுக்குப் போடத் தொப்பியைத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். லோர்ரெய்ன் பித்தளை மோதிரம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். நான் இன்னும் வாங்கவில்லை. வாங்காததற்குக் காரணம் இருக்கிறதா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, ஆனால் வாங்கவில்லை என்பதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வா. நீ வந்து எதுவும் விளக்க வேண்டாம், எழுதிப் படிக்க வேண்டாம். என் பக்கத்து இருக்கையைப் பிடித்து வைக்கிறேன். விளக்கு அணைந்ததிலிருந்து மறுபடி எரியும்வரை அதில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து படம் பார். கல்யாணமான பிறகு நாம் ஒரு படத்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை, கவனித்தாயா? நீ எப்போதும் பின்னால் நின்றுகொண்டிருப்பாய். நான் குறிப்பெழுதிக்கொண்டிருப்பேன், இல்லாவிட்டால் தொகுப்பு அறையில் இருப்பேன்.

நீ பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போக மாட்டேன். இவ்வளவுதான் நான் கேட்பது. இதைவிடச் சிறியதாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

வெர்னா

*

தந்தி
மே 9, 1938

உன் பக்கத்து இருக்கை. சத்தியம். ஜோக் இல்லை. நேட்.

*

ரீனோ
மே 18, 1938

நேட்,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை பத்து மணிக்கு வழக்கு எடுத்துக்கொண்டார்கள், பத்தேகாலுக்கு முடிந்துவிட்டது, கல்யாணத்துக்கு முந்திய என் பெயரும் திரும்பக் கிடைத்தது. இதை உனக்கு யாராவது சொல்வார்களா என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. நானே சொல்கிறேன்.

டக்கர் அம்மாள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து பைபிள்மேல் கை வைத்தாள். ஆறு வாரமும் இந்தப் பெண்ணைத் தினமும் பார்த்தீர்களா என்று நீதிபதி கேட்டார். "ஒருநாள் விடாம பாத்தேன் ஐயா. முகம் நல்லா இருந்த நாளும் பாத்தேன், இல்லாத நாளும் பாத்தேன்" என்றாள். முதல் பாதியை மட்டும் எழுதினால் போதும் என்று நீதிபதி குமாஸ்தாவிடம் சொன்னார். நான் அவளுடைய இரண்டாம் பாதியையும் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமையைப் பற்றி எழுத வேண்டும். நீ என்ன பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நடைபாதையோரம் இரண்டு இருக்கை. ஒன்றில் என் கோட்டை விரித்து வைத்தேன். பண்ணையிலிருந்து ஏழு பேரும் வந்திருந்தோம். ஊரில் உள்ள மற்றப் பண்ணைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். கொட்டகையில் பெண்கள்தான் முக்கால்வாசி. அந்த இருக்கையைக் கேட்டு வந்த ஒரு வக்கீலை லோர்ரெய்ன் விரட்டிவிட்டாள். "அது அவ புருஷனோட சீட்டு. நாளைக்கு வந்தா காலியா இருக்கும், உக்காந்துக்கோ" என்றாள். நான் பாதி சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

விளக்கு அணைந்தது. நீ வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில், தூணில் சாய்ந்துகொண்டு, ஸ்டாப்வாட்சோடு நின்றுகொண்டிருந்தாய். முதல் சிரிப்பைக் குறித்துக்கொண்டு வருவாய் என்று நினைத்தேன். முதல் சிரிப்பு வந்தது, இரண்டாவதும் வந்தது. நீ குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். இரண்டாம் ரீல் மாறியபோது நான் இருக்கையிலிருந்து கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், உனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று.

பிறகு காலை உணவுக் காட்சி. அவள் முட்டையை உடைத்தாள், கேட்டாள். நாலு விநாடி.

யாரும் சிரிக்கவில்லை, நேட். ஒரு செருமல்கூட இல்லை. பொமோனாவில் இருந்தவர்கள் இரவு சேர்ந்து வீட்டுக்குப் போகிறவர்கள். இங்கே இருந்தவர்கள் எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் ஒரு மேஜையில் இதையே ஏதோ ஒரு வார்த்தையில் கேட்டுவிட்டு ரயில் ஏறி வந்தவர்கள். அந்த அமைதியில் அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். செய்தித்தாள் இல்லை, பதில் இல்லை. அவன் வசனத்தை மறந்துவிட்டுத் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும், அந்தத் துண்டை என் கையால் கொக்கியில் மாட்டியவள் நான். தெரிந்தும் எனக்கு அவன் அவள் சொன்னதைக் கேட்டுவிட்ட மாதிரிதான் இருந்தது. கேட்டுவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல், சும்மா இருக்கிற மாதிரி.

யாரோ அழுவது கேட்டது. லோர்ரெய்ன் கைக்குட்டையை என் கையில் திணித்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. குழந்தைக்காக, டாக்ஸிக்காக, மாறிப்போன பொத்தானுக்காக, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. வலித்தது, நன்றாகவும் இருந்தது.

உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ ஸ்டாப்வாட்சைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். சிரிப்பு வரவில்லை என்றதும் கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்துவிட்டாய்.

எனக்குக் கோபம் வந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல, பழைய மாதிரிக் கோபம். கோபமாக இருப்பவர்களைத் திரும்பி வரவைக்கத் தெரியும் என்று எழுதியிருந்தாய். படம் முடிந்து வெளியே வரும்வரை அதற்காகவும் காத்திருந்தேன்.

முகப்பு மண்டபத்தில் நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாய். உன் கண்ணில் கலவரம் இருந்தது, என்னைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதலும் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தாய். கண் எப்படிச் சிவந்திருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ சொன்னாய்: "உக்காரத்தான் வந்தேன் வெர்னா, நிஜமா. மொத ரீல் மட்டும் பாத்துட்டு வரலாம்னு நின்னேன்." இதை நான் நம்புகிறேன். கொஞ்சம் பொறுத்திருந்தால் நான் உன் கையைப் பிடித்திருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். அதற்குள் நீ அடுத்ததைக் கேட்டுவிட்டாய்: "நாலு செகண்ட் விட்டோம், ஒருத்தரும் சிரிக்கலையே. அதை வெட்டிடலாமா?"

யோசித்து எழுதுகிறேன் என்றேன். உன் முகம் தெளிந்துவிட்டது. நான் கத்திரியைப் பற்றிப் பேசினால் எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு அர்த்தம். ஸ்ட்ராட்டன் ரயிலுக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டார். நாளைக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டு ஓடினாய். நாளைக்கு என்ன நாள் என்பதை எந்த ஸ்டேஷன் தாண்டும்போது நினைத்துக்கொண்டாயோ தெரியவில்லை.

பித்தளை மோதிரம் வாங்கவில்லை. பாலத்துக்குப் போனேன், நின்றேன், தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண மோதிரம் என் பெட்டியில் இருக்கிறது. அது எனக்குப் பிடித்த மோதிரம், ஏன் எறிய வேண்டும்? வெள்ளிக்கிழமை நெப்ராஸ்காவுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். பிறகு எங்கே வேலை என்று பார்க்க வேண்டும். உன்மேல் வருத்தம் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. இரண்டும் எனக்குத் தெரிகிறது, அதற்கு உன் படத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடி.

நீ கேட்டதற்குப் பதில்: வெட்டாதே. சில ஊர்களில் சிரிப்பார்கள், சில ஊர்களில் மாட்டார்கள். அவன் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

வெர்னா ஹால்வர்சன்